நாற்பத்தெட்டு நாள் தொடாமல் இருக்க முடிகிறது, இரண்டு பெக்கில் நிறுத்த முடிவதில்லை

"அடியோட விடச் சொல்லாதீங்க டாக்டர். அளவா குடிக்கச் சொல்லுங்க, போதும்." இப்படிக் கேட்டது நோயாளியின் மாமனார். மருமகனோ கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்போதுதான் வீடு திரும்பியவர். கடலூரில் மனநல மருத்துவம் பார்ப்பவனுக்கு இது புதிய வேண்டுகோள் அல்ல. ஆனால் இந்த மாதம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில், அந்த 'அளவு' எவ்வளவு? "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பார்கள். 180 மி.லி. பாட்டில், 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம் ஆல்கஹால். நாங்கள் ஓர் அளவு என்று எண்ணுவது 10 கிராம். ஆக, அந்த ஒன்றுதான் ஆறு! "பிராந்தியை விட்டுட்டேன், பீர் மட்டும்தான்" என்பது அடுத்த சமாதானம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. என்றால் நான்கு அளவு. இரண்டு பாட்டில் உள்ளே போனால் குவார்ட்டரைத் தாண்டியாயிற்று. ஆல்பேட்டை தாண்டி, புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை போனால் கடைக்கும் பஞ்சமில்லை, விலையும் குறைவு. அங்கே போய் அளவு பார்க்கிறவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

என்னை அதிகம் சோதிப்பது சபரிமலை மாலைக் கணக்குதான். "கார்த்திகையில மாலை போட்டு 48 நாள் தொடவே இல்ல சார். எனக்குக் கட்டுப்பாடு இருக்கு. அளவா குடிக்க முடியும்." ஐயா, அந்த 48 நாளும் ஒரு சொட்டு இல்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் ஒரு கட்டிங், ராத்திரிக்குள் மூன்றாவது குவார்ட்டர். உங்களால் எது முடியும், எது முடியாது என்று நீங்களே காட்டிவிட்டீர்கள். தொடாமல் இருக்க முடிகிறது. தொட்டபின் நிறுத்தத்தான் முடியவில்லை. குடிநோய் என்று நாங்கள் சொல்வதே இந்தப் பிற்பாதியைத்தான். அப்படியிருக்க, முடிகிறதை விட்டுவிட்டு முடியாததையே சிகிச்சையின் இலக்காக எழுதித் தரச் சொன்னால் என்ன செய்வது? மூன்றாவது பெக் வேண்டாம் என்று முடிவெடுக்க வேண்டிய மூளை, ஏற்கெனவே இரண்டு பெக் போட்ட மூளை என்பதை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 93 பேரில் ஏழு பேர் பிறகு சாதாரணமாகக் குடிக்கிறார்கள் என்று 1962இல் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதினார். குடிநோயாளியால் அளவாகக் குடிக்க முடியுமா என்று பெரிய சண்டையே நடந்தது. கிரிஃபித் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர் அந்த ஏழு பேரைத் தேடிப்பிடித்து விசாரித்து 1985இல் எழுதியபடி, ஐந்து பேர் குடியால் மறுபடி நன்றாகவே அடிபட்டிருந்தார்கள்.

இதற்காக எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நான் சொல்லவில்லை. காலையில் கை நடுங்காதவர், குடிக்காத நாளிலும் நிம்மதியாகத் தூங்குகிறவர், குடிப்பது எல்லை மீறுவதாகத் தானே உணர்ந்து வருகிறவர் ஆகியோர் குறைப்பதை இலக்காக வைக்கலாம். "விடமாட்டேன், குறைக்கிறேன்" என்று அடம்பிடிக்கும் குடிநோயாளியையும் நான் திருப்பி அனுப்புவதில்லை. ஆசையையும் கிக்கையும் தணிக்க நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை இருக்கிறது. குறைந்த ஒவ்வொரு கிளாஸும் லாபம்தான். ஆனால் ஈரல் சுருங்கியவர், கணையம் கெட்டவர், நிறுத்தினால் வலிப்பு வருபவர், கர்ப்பிணி: இவர்கள் விஷயத்தில் பேரமே கிடையாது.

தினமும் குடிப்பவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தக் கூடாது. போடுவதற்கு முன்பே வந்து காட்டுங்கள், மாத்திரையோடு நிறுத்தலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் வியர்த்து, நடுங்கி, இல்லாத பூச்சியைத் தட்டிவிட்டுக்கொண்டு உளறினால் அது சாமியும் இல்லை, பேயும் இல்லை. மந்திரிக்கப் போகாமல் நேரே ஜி.எச். போங்கள். உயிரே போகக்கூடிய நிலை அது.

அம்மா, சாம்பாரில் அவருக்குத் தெரியாமல் மாத்திரை கலக்காதீர்கள். டைசல்ஃபிரம், அதாவது சாராயத்தை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை, உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். மாமனார்களே, மச்சான்களே, காதுகுத்துக்கு வந்தவரிடம் "இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு" என்று நீட்டாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நேரில் வரத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் பேசலாம், இலவசம். வருவதானால் மனைவியையோ அம்மாவையோ கூட்டிவாருங்கள். எவ்வளவு குடிக்கிறார் என்ற கணக்கை நான் அவர்களிடம்தான் கேட்பேன்.