கதை ஞாபகம் இருக்கிறது, தலைப்புதான் இல்லை

“காலேஜ் பொண்ணு, மழையில பஸ்ஸுக்கு நிக்குறா. ஒருத்தன் கார்ல ஏத்திக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அம்மா தலையில தண்ணி ஊத்துறாங்க. என்ன கதை சார்?” நூலக மேசைக்குக் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். இது ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’, 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. பிரபலமான கதை என்பதால் உடனே சொல்லிவிடலாம். மற்றவற்றுக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

நூலகப் பட்டியலில் பொதுவாகச் சிறுகதைக்குத் தனிப் பதிவு இருக்காது, தொகுப்புக்குத்தான் இருக்கும். கதையின் தலைப்பைத் தட்டிப் பார்த்து, ‘பதிவு இல்லை’ என்று வந்ததும் எழுந்து போய்விடுகிறவர்கள் நிறைய. அந்தக் கதையின் பெயரையே தொகுப்புக்கும் வைத்திருந்தால் தப்பித்தோம். மற்றபடி, ஆசிரியர் யார், எந்தத் தொகுப்பு அல்லது எந்த இதழ் என்பதை இணையத்தில் பிடித்துக்கொண்டு நூலகத்துக்கு வருவதே வழி.

இணையத்தில் தேடும்போது கதைச்சுருக்கத்தை முழு வாக்கியமாகத் தட்டாதீர்கள். வேறு கதையில் வர வாய்ப்பில்லாத இரண்டு மூன்று சொற்கள் போதும்: ஊர்ப்பெயர், பாத்திரத்தின் பெயர், ஒரு பொருள். தலைப்பு அரைகுறையாகத் தெரிந்தால் எழுத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். அக்கினிப் பிரவேசம், அக்னிப்பிரவேசம், அக்னி பிரவேசம் மூன்றும் புழக்கத்தில் உண்டு. மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடினால் ஒற்று மிகுவதும் இடைவெளியும்கூட விடையை மாற்றிவிடும். கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்றும் இருக்கிறது. ‘கொ’ என்பதைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்துத் தட்டியிருப்பார்கள். திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் சில தேடுபொறிகள் அதை வேறு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் ஏற்றிய பக்கங்கள் தமிழில் தேடினால் சிக்கவே சிக்காது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இணைய ஆவணகத்திலும் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) பழைய நூல்களில் பல வருடிய (ஸ்கேன் செய்த) படங்களாகவே இருக்கின்றன. உள்ளே இருக்கும் சொல்லைத் தேடிப் பயனில்லை; தொகுப்பைத் திறந்து பொருளடக்கத்தைப் புரட்டத்தான் வேண்டும். படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) போட்டவற்றிலும் பழைய ணா, றா, னை, லை வடிவங்கள் சிதைந்து வந்திருக்கும். ஈழத்துக் கதை என்றால் வேலை எளிது. ‘நூலகம்’ என்ற பெயருள்ள இணையத்தளத்தில் மல்லிகை போன்ற இதழ்கள் பலவற்றின் பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்தே போட்டிருக்கிறார்கள். மற்றவர்களும் செய்திருக்க வேண்டிய காரியம்.

ஒரே கருவில் இரண்டு கதைகள் இருப்பது அடுத்த குழி. ‘புதுமைப்பித்தன் எழுதிய அகலிகை கதை’ என்று கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? ‘அகல்யை’ 1934-இல் எழுதியது. ‘சாப விமோசனம்’ 1943-இல் கலைமகளில் வந்தது. ராமனும் சீதையும் பிற்பாடு வருவார்கள் என்றால் இரண்டாவது. ஜெயகாந்தன் கதையிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அதன் முடிவை மாற்றிக்கொண்டுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் தொடங்குகிறது. நாவலையோ படத்தையோ மனத்தில் வைத்துத் தேடுகிறவருக்குத் தண்ணீர் ஊற்றும் அம்மா கிடைக்கமாட்டாள்.

தொகுப்பில் சேராத கதை என்றால் இதழ்தான் கதி. சென்னையில் கன்னிமாராவையும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் முதலில் பாருங்கள். இவற்றில் பின்னது ஆய்வு நூலகம். வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும். எந்த ஆண்டுகள் கையிருப்பில் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. பழைய இதழ்களில் ‘சுபானு ஐப்பசி’ என்று மட்டும் போட்டிருக்கும்; அது 1943 அக்டோபர்–நவம்பர். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் 2003-ம் சுபானுதான், தாளின் நிறத்தைப் பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். வார இதழின் கட்டுத் தொகுதியை வரிவரியாகப் பார்த்தும் கதை இல்லையா? தீபாவளி மலரைக் கேளுங்கள். மலர்கள் தனி வெளியீடு, பெரும்பாலும் அந்தக் கட்டுக்குள் இருக்காது.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டியல்களில் தேடுவோர் கவனிக்க: அங்கே ஆங்கில எழுத்தில் நாம் வழக்கமாக எழுதுகிற மாதிரி இருக்காது. ச-வுக்கு ‘எஸ்’ இல்லை, ‘சி’. த-வுக்கு ‘டி எச்’ இல்லை, வெறும் ‘டி’. புதுமைப்பித்தனில் இரண்டாவதாக வரும் ‘து’வையும் ‘டி யு’ என்றே தட்டவேண்டும்.

கதை கிடைத்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் செல்போனில் படமெடுத்துக்கொண்டு போகாதீர்கள். தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம், இதழ் என்றால் மலர் எண்ணும் (தொகுதி எண்) இதழ் எண்ணும் உள்ள அட்டை, இவற்றையும் சேர்த்து எடுங்கள். வலையில் ஏற்கெனவே இருக்கும் பிரதியோடு கடைசிப் பத்தியை ஒப்பிட்டுப் பாருங்கள். தட்டச்சில் விடுபடுவது அநேகமாக அங்கேதான்.