ராத்திரி கொஞ்சமா சாப்பிட்டும் காலைல சுகர் ஏன் ஏறுது?

மார்த்தாண்டம் பக்கம் காலைல எந்த லேப் வாசல்ல போய் நின்னாலும் இந்தப் பேச்சு காதுல விழும், "நேத்து மரச்சீனியும் சாளைக் கறியும் தொட்டே பாக்கல, ரெண்டு சப்பாத்திதான் தின்னேன், பொறவு எப்பிடி வெறும் வயித்துல 160 வரும்?" ரொம்ப நியாயமான கேள்வி.

அந்த சுகர்ல பெரும்பங்கு சாப்பாட்டுல இருந்து வரல, நம்ம ஈரல் ராத்திரி முழுக்க செஞ்சு ரத்தத்துல விட்டது. எல்லார் ஈரலும் இதைச் செய்யும், "போதும், நிறுத்து"ன்னு சொல்றது இன்சுலின். அந்த சொல்லு ஈரல்ல ஏறலன்னா அதுதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். ஆனா அந்த சொல்லு நேரா ஈரலுக்கு மட்டும் போகல, மூளை வழியாவும் போகுதுங்கறத நம்ம ஊர்ல யாரும் பேசி நான் கேட்டதே இல்ல.

1850 வாக்குலயே பிரான்ஸ்ல கிளாட் பெர்னார்ட்ங்கற உடலியல் விஞ்ஞானி முயலோட மூளைல, பின்பக்கம் அடியில ஒரு எடத்துல ஊசி குத்துனாரு, மூத்திரத்துல சர்க்கரை வந்துச்சு, அதாவது மூளையைத் தொட்டாலே ரத்தத்துல சுகர் ஏறுது. 1978ல எலி மூளைல இன்சுலின் ரிசெப்டர், அதாவது இன்சுலின் வந்து ஒட்டுற எடம், இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. இன்சுலின் 51 அமினோ அமிலம் கோத்த ஒரு பெப்டைடுதான் (சின்ன புரதச் சங்கிலி), ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள, பசியைக் கவனிக்கற ஹைப்போதலாமஸ்ங்கற அடிப்பகுதி வரைக்கும் போகுது. அங்க பசியைக் கிளப்புற ஏஜிஆர்பிங்கற பெப்டைடை விடுற நரம்பு செல்லுங்க இருக்கு, இன்சுலின் வந்து தொட்டதும் அதுல பொட்டாசியம் வாசல் தெறந்து செல்லு அடங்குது, அந்த சேதி மூளைல இருந்து வயித்துக்கு எறங்குற வேகஸ் நரம்பு வழியா எறங்கி ஈரலுக்குப் போய் சுகர் உற்பத்தி கொறையுது. இதை எலியில பாத்தாங்க, ஈரலுக்குப் போற வேகஸ் கிளையை வெட்டி விட்டா மூளைல இன்சுலின் குடுத்தும் ஈரல் அசையல! எனக்கு இந்த ஒரு சோதனைதான் எல்லாத்தையும் விட பெருசா படுது, எலில வழி எதுன்னு சந்தேகமில்லாம காட்டிருச்சு.

கொழுப்புல இருந்து வர்ற லெப்டின்ங்கற ஹார்மோனும் அதே ஹைப்போதலாமஸ்லதான் வேலை செய்யுது, அது தூண்டுனா பக்கத்து செல்லுங்கள்ல இருந்து 13 அமினோ அமிலம் உள்ள ஆல்ஃபா எம்எஸ்எச்ங்கற இன்னொரு பெப்டைடு வெளிய வந்து பசியை அடக்கும்.

மனுஷங்கள்ல இந்த மூளை வழிக்கு எவ்வளவு பங்குன்னு இன்னும் வாதம் நடக்குது. ஆனா ஜெர்மனில மூக்குல இன்சுலின் ஸ்ப்ரே அடிச்சுப் பாத்தாங்க, ஒல்லியா இருக்கறவங்களுக்கு உடம்போட இன்சுலின் சென்சிடிவிட்டி, அதாவது இன்சுலின் பேச்சைக் கேக்கற தன்மை, கூடுச்சு, குண்டா இருக்கறவங்களுக்குக் கூடல, அதாவது ஈரல் மாதிரியே மூளையும் இன்சுலின் பேச்சைக் கேக்காமப் போகலாம்.