போலராய்டுப் படத்தை ஆட்டலாமா?

எடுத்ததுமே கேமராவிலிருந்து வெளிவரும் போலராய்டுப் படத்தை ஆட்டலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆட்ட வேண்டாம். ஆட்டும் வழக்கம், உரித்தெடுத்ததும் மேற்பரப்பு ஈரமாக இருந்த பழைய படங்களோடு வந்தது. 1972இல் போலராய்டு நிறுவனர் எட்வின் லேண்ட் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-70 படம் மூடிய உறை. உள்ளே காற்றே போகாது. ஆட்டினால் அடுக்குகள் பிரிந்து கறை விழலாம், அவ்வளவுதான் பலன்.

நிறம் வரும் விதம் எளிது. நீலம், பச்சை, சிவப்பு ஒளிக்கு ஒளி உணரும் வெள்ளி ஹாலைடு உப்பில் மூன்று அடுக்குகள். அவற்றுக்குத் துணையாக முறையே மஞ்சள், மெஜந்தா (ஊதாச் சிவப்பு), சயான் (நீலப்பச்சை) சாயங்கள். ஒளி பட்ட இடத்தில் சாயம் சிக்கிக்கொள்ளும். படாத இடத்தில் மேலேறிப் படமாகும்.

விந்தை வேறிடத்தில் இருக்கிறது. இந்த வேலை முடியும்வரை இருட்டு வேண்டும். படமோ வெயிலுக்கே வந்துவிடுகிறது. அடி விளிம்பு அகலமாக இருப்பது, அங்கே ஒரு பசைப் பை ஒளிந்திருப்பதால். கேமராவின் உருளைகள் அதை நசுக்கிப் பசையை உள்ளே பரப்புகின்றன. அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி, கூடவே நம் பள்ளி ஆய்வகத்துப் பினாப்தலீனின் உறவுக்காரச் சாயங்கள். காரம் மிகுந்திருக்கும்வரை இந்தச் சாயங்கள் கருத்து நின்று ஒளியைத் தடுக்கும். இன்னோர் அடுக்கில் அமிலப் பாலிமர் காத்திருக்கிறது; காரம் அதைச் சட்டென எட்டாதபடி நடுவே ஒரு தாமத அடுக்கு. காரம் மெல்லக் கசிந்து அமிலத்தைச் சேர, ஒளித்தடுப்புச் சாயங்கள் நிறமிழக்கின்றன. எஞ்சும் டைட்டானியம் வெண்மையே படத்தின் 'காகிதம்'. பின்னாலிருக்கும் நெகட்டிவை மறைப்பதும் அதுவே. இருட்டறை தானே கரைந்து வெள்ளைத் தாளாகிறது!

உள்ளே ஜெலட்டின் சில மணி நேரம் இளகியே இருக்கும். கலைஞர் லூகாஸ் சமாராஸ் 1973–76இல் தன் உருவப்படங்களை மேலுறையோடு அழுத்தி, இழுத்து, முகத்தை உருக்கியது இந்த இடைவெளியில்தான்.

2008இல் போலராய்டு உற்பத்தியை நிறுத்தியது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையில் அதை மீட்டவர்களுக்குப் பழைய வேதிப்பொருள்கள் கிடைக்கவில்லை. புதிய ஒளித்தடுப்புச் சாயம் பழையதளவு வலுவாக இல்லை. காப்புரிமைகள் இருந்தும் கைப்பக்குவம் போய்விட்டது. காப்புரிமைகளை எண்ணியே ஆய்வு நிதி பிரிப்பவர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆகவே இன்றைய படத்தை வெளியே வந்ததுமே ஒளிபடாமல் கவிழ்த்து வையுங்கள்; வண்ணப் படத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வெளிறும், நீலம் பாயும். அப்போது சட்டையின் உட்பையில் வையுங்கள். 28க்கு மேல் மஞ்சளோ சிவப்போ ஏறும். பயன்படுத்தாத படங்களின் பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். உறைய விட்டால் பசை கெடும். ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் உருளையில் காய்ந்த பசை. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் அடுத்த படத்தை எடுங்கள்.