கிதாருக்கு எத்தனை வாட் வேண்டும்?

கிதாரின் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப்பின் சுவிட்சைப் போட்டதும் சத்தம் வராது. முதலில் கண்ணாடிக்குள் மெல்லிய ஆரஞ்சு நிறம் தெரியும். கால் நிமிஷமோ அரை நிமிஷமோ கழித்துதான் ஸ்பீக்கரில் லேசான இரைச்சல் எழும். வீட்டில் வால்வு ரேடியோ இருந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானது. சூடேறினால்தான் அது வாய் திறக்கும்.

வால்வுக்குள் காற்று கிடையாது. நடுவில் கேத்தோடு என்ற சிறு குழாய் நிற்கிறது. அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்ஸைடு பூச்சு, உள்ளே சூடேற்றும் இழை. பூச்சு சூடானதும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் ஆவி மாதிரிக் கிளம்பும். சுற்றி நிற்கும் உலோகத் தகட்டில் சில நூறு வோல்ட் இருப்பதால் அது அவற்றைத் தன் பக்கம் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே கிரிட் என்ற கம்பிச் சுருள். ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். திருகைத் திருப்புவது ஒரு கையின் பலம்தான், பாய்வது ஏரித் தண்ணீர். கிதாரிலிருந்து வரும் அரை வோல்ட்டுக்கும் குறைவான துடிப்பு கிரிட்டில்தான் போய்ச் சேர்கிறது. தகட்டில் அதே துடிப்பு பெரிதாக வெளிப்படுகிறது. லீ டி ஃபாரஸ்ட் 1906-ல் இந்தக் கிரிட்டைச் சேர்த்ததிலிருந்துதான் ஒலியைப் பெருக்குவது என்ற தொழிலே தொடங்குகிறது. இன்று அநேகமாக எல்லாக் கிதார் ஆம்ப்களிலும் இருக்கும் 12ஏஎக்ஸ்7 வால்வில் ஒரே கண்ணாடிக்குள் இப்படி இரண்டு அமைப்புகள். வழக்கமான சர்க்யூட்டில் ஒவ்வொன்றும் சுமார் 60 மடங்கு பெருக்கும்.

இதுவரை சொன்னதில் கிதாருக்கென்று தனிச் சிறப்பு ஏதும் இல்லை. வால்வு தன் எல்லையைத் தொடும்போதுதான் கிதார்க்காரருக்கு வேண்டியது நடக்கிறது.

கிரிட்டுக்கு வரும் துடிப்பு அளவு மீறினால் அலையின் ஒரு பக்கத்தில் கிரிட் தானே எலக்ட்ரான்களை வாங்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் அலை அமுங்கும். மறுபக்கத்தில் மதகு முழுதாக மூடிக்கொள்ள, அங்கேயும் அலை தட்டையாகும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைவதில்லை. வளைவதும் சட்டென்று இல்லை, படிப்படியாகத்தான். கிதாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதை ஸ என்று வைத்துக்கொண்டால், வளைந்த அலையில் 220-ம் சேரும், அது மேல் ஸ. 330-ம் சேரும், அது அதற்கு மேலுள்ள ப. தம்புராவை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால் கேட்கும் அதே உறவுதான். அதனால்தான் அளவான டிஸ்டார்ஷன், அதாவது இந்த அலை வளைவு, நமக்குப் பிழையாகப் படுவதில்லை, நாதம் தடித்ததாகத்தான் படுகிறது. மாறாக, அலையின் தலையைக் கத்தியால் சீவியதுபோல வெட்டினால் உயரத்தில் இருக்கும் ஒற்றைப்படை மடங்குகள் நிறைய வந்துவிடும். ஏழாவது மடங்கு நம் சுர ஸ்தானம் எதிலும் சரியாக உட்காராது. எளிய ட்ரான்சிஸ்டர் ஆம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளும்போது காதில் கீறுவது இதுதான்.

இன்னொரு விஷயம். வளைந்த அலையில் இரண்டு சுரங்களை ஒன்றாக வாசித்தால் அவற்றின் வித்தியாசமும் புதிய சுரமாக ஒலிக்கும். 110-ஐயும் 165-ஐயும், அதாவது ஸ-வையும் ப-வையும் சேர்த்தால் 55 கிடைக்கும். அது கீழ் ஸ! இரண்டு கம்பிகளை மட்டும் தட்டினாலும் ராக் கிதாரில் ஒரு பெரிய பூதம் உறுமுவதுபோலக் கேட்பதற்குக் காரணம் இந்த 55 ஹெர்ட்ஸ்தான். அதே ஆம்ப்பில் நாலு சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்ட் ஒன்றைப் போட்டால் வித்தியாசங்கள் கண்டபடி பெருகிக் கலங்கிவிடும்.

இந்த வளைவு முன்கட்ட வால்வுகளில் மட்டும் நடப்பதில்லை. பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பெரிய பவர் வால்வுகளும் அவற்றை அடுத்த அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் திணறும்போதுதான் விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்லத் தொடங்கும். பழைய மாடல்களில் ஏசியை டிசியாக்குவதற்கும் ஒரு வால்வு இருக்கும். ஓங்கி அடித்தால் அங்கே வோல்டேஜ் சற்றுத் தாழும், பிறகு மெல்ல ஏறும். அந்தத் தாழ்வை வாசிப்பவர் கை உணரும்.

வாட் கணக்கு இங்கேதான் நுழைகிறது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டும் என்றால் பவரைச் சுமார் பத்து மடங்கு கூட்ட வேண்டும். அதாவது 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்ப்பைப்போல இரண்டு மடங்குதான் சத்தம். 100 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் வித்தியாசம் வெறும் 3 டெசிபல். நல்ல 12 அங்குலக் கிதார் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 97 டெசிபல் கொடுக்கும். வீட்டில் அதுவே தாங்காது. 100 வாட் ஆம்ப் வாங்கி வால்யூமை ஒன்றில் வைத்து வாசிப்பவரின் பவர் வால்வுகள் ஒருநாளும் வளைவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய நாதம் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. வீட்டுக்கு 5 வாட்டுக்குள், டிரம்ஸோடு வாசிக்க 15 முதல் 22 வாட் என்பது என் கணக்கு. அதற்கு மேல் வேண்டிய இடத்தில் மைக் வைத்துக்கொள்ளலாம்.

பவர் வால்வுகளில் 6எல்6 வகை நல்லதா, ஈஎல்34 வகை நல்லதா என்ற சண்டையில் நான் அதிகம் மினக்கெடுவதில்லை. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1960-களின் தொடக்கத்தில் தன் முதல் ஆம்ப்பை அமெரிக்க ஃபெண்டர் கம்பெனியின் பாஸ்மேன் ஆம்ப்பின் சர்க்யூட்டை அப்படியே ஒட்டித்தான் செய்தார். ஆனால் ஃபெண்டரில் முதுகு திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள். மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குலச் செலஸ்டியன் ஸ்பீக்கர்கள். குரல் மாறிய மாற்றத்தில் பெரும்பங்கு அந்தப் பெட்டியுடையது. கையில் கொஞ்சம் காசு மிஞ்சினால் முதலில் ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள்.

சரி, ஆம்ப் எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கு வருவோம். நாதத்தைக் கொடுக்கும் சூடுதான் ஆம்ப்பைத் தின்பதும். ஓர் ஈஎல்34 வால்வின் இழைக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், கிட்டத்தட்ட 9.5 வாட் சூடு. சத்தமே இல்லாதபோதும் அது எரிந்துகொண்டிருக்கும். வால்வு சாக்கெட்டை நேரடியாகப் பிசிபி போர்டில் பற்றவைத்திருந்தால் இந்தச் சூடும் ஸ்பீக்கரின் அதிர்வும் சேர்ந்து நாளடைவில் சால்டரிங்கில் மயிரிழை விரிசல் விடும். சாக்கெட் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்தில் திருகப்பட்டு, ஒயரால் இணைக்கப்பட்டிருந்தால் பல ஆண்டு தாங்கும், பழுது பார்ப்பதும் சுலபம். ஸ்பீக்கரும் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவில் வால்வுகள் தலைகீழாகத் தொங்கியபடி குலுங்கும் என்பதால், அங்கே இதை இன்னும் கவனிக்க வேண்டும். பவர் வால்வு தேயும் பொருள், மாற்றித்தான் ஆக வேண்டும். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் 15, 20 வருஷத்தில் உலர்ந்துவிடும். இவை எல்லாம் சாதாரணச் செலவு. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போனால்தான் கைகடிக்கும்.

எங்கள் பயிற்சி அறையில் ஒருமுறை ஸ்பீக்கர் ஒயர் கழன்று கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. சத்தம் வரவில்லையே என்று வால்யூமை ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் வார்னிஷ் கருகும் வாசனை. ட்ரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சக்தி போக இடமில்லை. வால்வு பக்கச் சுருளில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் எகிறிக் கம்பியின் காப்புப் பூச்சைத் துளைத்துவிடும். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்ப்பை ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது.

பழைய ஆம்ப் வாங்கப் போனால் முதலில் பின்பக்கம் குனிந்து வோல்டேஜ் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட், ஜப்பானிலிருந்து வந்தது 100 வோல்ட். நம் 230-ல் நேரடியாகச் செருகினால் அன்றோடு முடிந்தது. வால்வின் கண்ணாடியில் கண்ணாடி ரசம் பூசியதுபோல ஒரு திட்டு இருக்கும். அது உள்ளே மிஞ்சிய வாயுவை விழுங்க வைத்த பேரியம். அது பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்தது. பிறகு ஆம்ப்பை ஓடவிட்டு அறை விளக்கை அணையுங்கள். இழையின் ஆரஞ்சும் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீலமும் சாதாரணம். சாம்பல் நிறத் தகடே சிவந்து தெரிந்தால் பயஸ், அதாவது வால்வு சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் பாயலாம் என்று கிரிட்டில் வைக்கும் வோல்டேஜ், தப்பியிருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். சிறிய வால்வுகளைப் பென்சிலின் ரப்பர் முனையால் மெல்லத் தட்டுங்கள். லேசான டொக் கேட்டால் பரவாயில்லை. மணியடித்தாற்போல் நீண்டால் அந்த வால்வை மாற்ற வேண்டும். சேஸிஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் 400 வோல்ட் காத்திருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, கிதாரைச் செருகி வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றிப் பத்து நிமிஷம் வாசியுங்கள். சூடான பிறகும் குரல் அப்படியே நிற்கிறதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.