கரு தன் மரபணுவைப் படிக்கத் தொடங்கும் நேரம்

விந்தணுவும் கருமுட்டையும் சேர்ந்த கணத்திலேயே அப்பா, அம்மா இருவரின் மரபணுக்களும் வேலையில் இறங்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் மனிதக் கருவின் முதல் இரண்டு நாட்களில் அவை ஏறக்குறைய வாயே திறப்பதில்லை.

சரி, அப்படியென்றால் செல்கள் எப்படிப் பிரிகின்றன? எல்லாம் அம்மாவின் கையிருப்பு. கருமுட்டை வளரும்போதே ஏராளமான தூது ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. இவை மரபணுவிலிருந்து எடுத்த படிகள். இவற்றைப் பார்த்துத்தான் செல் புரதம் செய்கிறது. பெரும்பாலான படிகளின் நுனியில், அடினின் என்ற ஒரே ஆர்.என்.ஏ. எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு வால் உண்டு. வால் குட்டையாக இருக்கும்வரை பல படிகள் தூங்கும். வால் நீண்டதும் விழித்துப் புரதம் செய்யத் தொடங்கும். புதிதாகப் படிகள் அதிகம் எடுக்காமல், இருப்பதை நேரம் பார்த்து எழுப்பியே கரு காலத்தை ஓட்டுகிறது.

இதை உறுதிப்படுத்திய சோதனை எளிமையானது. சில நச்சுக் காளான்களில் உள்ள ஆல்ஃபா அமானிட்டின், மரபணுவைப் படியெடுக்கும் நொதியை முடக்கிவிடும். அந்த நஞ்சு கலந்த திரவத்தில் சுண்டெலிக் கருவை வளர்த்தால், ஒரு செல் இரண்டாகும், அத்தோடு நின்றுவிடும். மனிதக் கருவோ நான்கு செல் வரை கவலையின்றிப் பிரியும். நான்குக்கும் எட்டுக்கும் நடுவில்தான் மனித மரபணுக்கள் விழிக்கின்றன என்று 1988-இல் பீட்டர் பிராட் குழுவினர் அறிவித்தார்கள்.

என்னை அதிகம் வியக்கவைப்பது விழிப்பு அல்ல, அதையொட்டி நடக்கும் துப்புரவு. அம்மா கொடுத்த படிகளின் வால்கள் கத்தரிக்கப்பட்டு, அவை சிதைக்கப்படுகின்றன. பி.டி.ஜி.4 என்ற புரதம் இதற்கு உதவுகிறது. கருமுட்டையில் அது இல்லாத சுண்டெலிகளின் கருக்கள் ஒன்றிரண்டு செல்லோடு நின்றுபோகின்றன. பழைய படிகள் தேங்கிக் கிடந்தால் கரு முன்னே நகர முடியாது.

விழிப்பைத் தூண்டும் புரதங்களில் ஒன்று டக்ஸ்4. மனிதக் கருவில் அது நான்கு செல் கட்டத்தை ஒட்டிக் கொஞ்ச நேரம் தலைகாட்டி, பல மரபணுக்களைத் திறந்துவிட்டு மறைந்துவிடும். நம் டி.என்.ஏ.வில் பதிந்துகிடக்கும் பழங்கால வைரஸ் துண்டுகள் சிலவும் அப்போது விழித்துக்கொள்கின்றன. அப்புறம் டக்ஸ்4-ஐ உருவாக்கும் மரபணுவைப் பெரும்பாலான செல்கள் இறுக்கிப் பூட்டிவைக்கின்றன. வளர்ந்தவர்களின் தசையில் அந்தப் பூட்டு தளர்ந்தால், கருவுக்கு உயிரோட்டம் தந்த அதே புரதம் தசைச் செல்களைக் கொல்கிறது. முகத்திலும் தோளிலும் தொடங்கும் ஒரு பரம்பரைத் தசைச்சிதைவு நோய்க்கு அதுதான் காரணம்.