மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறி உட்கொண்டவருக்குச் சட்டம் தரும் சிகிச்சை உரிமை

மனச்சோர்வுக்காக மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை ஒருவர் அளவுக்கு மீறி விழுங்கிவிட்டார் என்று தெரிந்தால், அவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். இவ்வகை மருந்துகளில் சில இதயத் துடிப்பைப் பாதிக்கும். அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தே வெளிப்படலாம். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மாத்திரை அட்டைகளையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும்.

"போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற அச்சத்தால் பல குடும்பங்கள் இந்த முதல் சில மணி நேரத்தை இழந்துவிடுகின்றன. அந்த அச்சத்துக்கு இன்று சட்டத்தில் இடமில்லை. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர், மாறாக நிரூபிக்கப்பட்டாலன்றி, கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும், அவரைக் குற்றவாளியாக விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆவது பிரிவே இல்லை. அரசு ஊழியரை அவரது கடமையைச் செய்யக் கட்டாயப்படுத்தும் அல்லது அதிலிருந்து தடுக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாக உள்ளது. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரலாம். ஆனால் அந்தப் பதிவுக்காகச் சிகிச்சையை நிறுத்தி வைக்க முடியாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று, அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி எல்லா மருத்துவர்களுக்கும் உச்ச நீதிமன்றம் 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் அறிவுறுத்தியுள்ளது.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, பல மணி நேரத் தொடர் கண்காணிப்பு ஆகியவை தேவைப்படும். சிலருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுப் படுக்கையும் செயற்கைச் சுவாசமும் வேண்டியிருக்கும். மருத்துவமனையின் ஆட்களும் கருவிகளும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் செலவாகின்றன. இதயத் துடிப்பு சீரானதும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுவது, என் கருத்தில், செய்த செலவின் பயனையே பாதியில் விட்டுவிடுவதாகும். அதே 115ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, இத்தகையவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து, முயற்சி மீண்டும் நிகழும் வாய்ப்பைக் குறைப்பதை அரசின் கடமையாக்கியுள்ளது. ஆகவே வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும் என்றும், அடுத்து எங்கே, எப்போது வர வேண்டும் என்பதை எழுதித் தர வேண்டும் என்றும் குடும்பத்தினர் தயங்காமல் கேட்கலாம். தொடர்ந்து தரப்படும் மாத்திரைகளைச் சில நாள்களுக்கு உரியவையாக மட்டும் வாங்கி, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், அதற்கான அட்டை இல்லாவிட்டாலும், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநல நிறுவனங்களில் இலவச சிகிச்சை பெற மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு உரிமை தருகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய் சிகிச்சைக்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கக் காப்பீட்டு நிறுவனங்களை அதே சட்டத்தின் 21ஆவது பிரிவு கட்டாயப்படுத்துகிறது. கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பெற்று, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். நோயாளியின் விவரங்களை இரகசியமாகக் காப்பது 23ஆவது பிரிவின்படி அவருக்குள்ள உரிமை.

மனநல சேவையில் குறை இருந்தால், 28ஆவது பிரிவின்படி முதலில் அந்த நிறுவனத்தின் பொறுப்பு மருத்துவ அலுவலரிடமும், தீர்வு திருப்தி தராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் புகார் அளிக்கலாம். வீடு திரும்பிய பின் மீண்டும் அதே எண்ணம் தலைதூக்கினால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனை) எண்ணை நோயாளியோ குடும்பத்தினரோ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.