ஹெட் கோச் போனால் கூடவே பத்துப் பேர்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் உதவிப் பயிற்சியாளர் வேலை

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமான சீசன் நவம்பர் கடைசியில் முடிகிறது. கடைசி ஆட்டம் சனிக்கிழமை. ஞாயிறு காலையிலேயே எந்தெந்த ஹெட் கோச்சுக்கு வேலை போனது என்ற செய்திகள் வர ஆரம்பித்துவிடும். செய்தியில் அவர் பெயர் இருக்கும், அவருக்குக் கிடைக்கப்போகும் இழப்பீட்டுத் தொகை இருக்கும். அவருக்குக் கீழே வேலை பார்த்த பத்து உதவிப் பயிற்சியாளர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. புதிதாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். பழையவர்களில் ஒருவர் இருவர் தங்கினாலே பெரிய விஷயம்.

(கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு, நம்மூர்க் கால்பந்து இல்லை.)

இந்த வேலைக்கு ஆசைப்படும் இளைஞர்கள் எதிரணியின் ஆட்டத்தைப் பிரித்து மேய்வார்கள். தங்கள் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் பார்ப்பார்கள். தகராறு வருவது அங்கேதான்.

டாபோ ஸ்வின்னியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 சீசன் முடிவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச் மைக் டுபோஸ் போனதும், அங்கே ரிசீவர்களுக்கு (எறியும் பந்தைப் பிடிப்பவர்கள்) பயிற்சி அளித்துவந்த ஸ்வின்னிக்கும் வேலை போனது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பர்மிங்ஹாமில் ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் வேலை பார்த்தார். 2003இல் கிளெம்சன் பல்கலைக்கழகம் கூப்பிட்டது. 2008 சீசன் நடுவில் அங்கேயே ஹெட் கோச் ஆனார். பிறகு இரண்டு தேசிய சாம்பியன் பட்டங்கள். எல்லோரும் பட்டங்களைச் சொல்வார்கள். இத்துறைக்கு வருபவர் கணக்குப் போட வேண்டியது நடுவில் இருந்த அந்த இரண்டு ஆண்டுகளை. மறுபக்கம் வர்ஜீனியா டெக் கல்லூரியின் உதவிப் பயிற்சியாளர் பட் ஃபாஸ்டர் இருக்கிறார். 1987 முதல் 2019 வரை ஒரே கல்லூரி. ஹெட் கோச் ஃபிராங்க் பீமர் ஓய்வு பெற்ற பின் வந்த புதிய ஹெட் கோச்சும் அவரை விடவில்லை. இப்படி ஒருவர் இருந்தார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிறதென்றாலே அது எவ்வளவு அபூர்வம் என்று புரிந்துகொள்ளலாம்.

உள்ளே நுழையும் வாசல்

பெரும்பாலானோர் கிராஜுவேட் அசிஸ்டென்டாக நுழைகிறார்கள், சுருக்கமாக ஜிஏ. முதுகலை வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். கல்விக் கட்டணமும் தங்கிச் சாப்பிடும் அளவுக்கு உதவித்தொகையும் கிடைக்கும், அவ்வளவுதான். இளங்கலை முடித்து ஏழு ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவின் மேல்மட்டப் பிரிவில் அணிக்கு நான்கு பேர் என்பதே பல ஆண்டுகளாக இருந்த வரம்பு. பின்னாளில் அலபாமாவின் புகழ்பெற்ற ஹெட் கோச்சான நிக் சேபன்கூட 1973இல் கென்ட் ஸ்டேட்டில் இப்படித்தான் தொடங்கினார்.

ஜிஏ மைதானத்தில் நிற்கும் நேரம் குறைவு, திரை முன் உட்காரும் நேரம் அதிகம். அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் கடைசி நான்கு மேட்ச்களை ஒவ்வொரு பிளேயாகப் பிரித்து அட்டவணையில் ஏற்ற வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வந்து நிற்கும்வரை நடப்பது ஒரு பிளே. ஒரு மேட்ச்சில் ஓர் அணிக்கு 60 முதல் 75 பிளே; நான்கு மேட்ச்சுக்கு 240 முதல் 300 வரை. ஒவ்வொன்றும் இரண்டு கோணத்தில் இருக்கும்: பக்கவாட்டிலிருந்து ஒன்று, கோல் முனையிலிருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதிய வேண்டியவை: எத்தனையாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு வேண்டும், பந்து எந்த ஹாஷில் (களத்தில் இடம் வலமாக உள்ள கோடுகள்; அங்கிருந்து ஒரு பக்கம் குறுகல், மறுபக்கம் அகலம்), களத்தின் எந்த இடம், எந்தக் கூட்டணி ஆட்கள், ஃபார்மேஷன் (ஆட்கள் நிற்கும் அமைப்பு), மோஷன் (பிளே தொடங்கும்முன் ஒருவர் நகர்வது), பிளே, முடிவு. கூட்டணியை எண்ணால் சொல்வார்கள். 11 என்றால் ஒரு ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), ஒரு டைட் எண்ட் (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்), மீதி மூன்று பேர் ரிசீவர். 12 என்றால் டைட் எண்ட் இருவர்.

பிழைகள் எப்போதும் சில இடங்களில்தான் நுழைகின்றன. முதலாவது, இடம்-வலம் குழப்பம். கோல் முனைக் கேமரா சில மைதானங்களில் தாக்கும் அணியின் பின்னால் இருக்கும், சிலவற்றில் எதிரே இருக்கும். எதிரே இருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஹாஷைப் பதிந்தால் இடம் வலமாகிவிடும். வலது ஹாஷிலிருந்து எப்போதும் அகலப் பக்கம்தான் ஓடுகிறார்கள் என்று அறிக்கை சொல்லும். சனிக்கிழமை அவர்கள் குறுகிய பக்கம் ஓடுவார்கள். இரண்டாவது, முடிந்துபோன மேட்ச்சின் கடைசிக் கால் பகுதி. 28 புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி கடிகாரத்தை ஓட்டவே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அந்தப் பிளேக்களை வடிகட்டாமல் விட்டால் அந்த அணி ஓட்டத்தை நம்பும் அணி என்று கணக்கு பொய் சொல்லும். மூன்றாவது சதவீத மயக்கம். மூன்றாவது டவுனில் ஏழு யார்டுக்கு மேல் வேண்டும்போது 75 சதவீதம் பிளிட்ஸ் (பந்தை எறிபவர் மேல் கூடுதல் ஆட்கள் பாய்வது) வருகிறார்கள் என்று எழுதுவார்கள். பிரித்துப் பார்த்தால் மொத்தம் எட்டு பிளே, அதில் ஆறு. சதவீதத்துக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் எழுதாத அறிக்கையை நல்ல கோஆர்டினேட்டர் (தாக்குதலையோ தடுப்பையோ வழிநடத்தும் மூத்த உதவிப் பயிற்சியாளர்) வாங்கவே மாட்டார்.

பிரித்து முடித்ததும் கார்டு வரைய வேண்டும். எதிரணி போல ஆடிக் காட்டும் ஸ்கவுட் அணிக்காக, ஒரு பிளேக்கு ஒரு அட்டை, தடித்த மார்க்கரில். ரிசீவர் நிற்கும் தூரம் இரண்டு யார்டு தப்பினாலும் நம் டிஃபென்ஸ் தப்பான காட்சிக்குப் பழகிவிடும்.

ஜிஏவுக்கு அடுத்த படியில் அனலிஸ்ட், குவாலிட்டி கன்ட்ரோல் என்று பல பெயரில் வேலைகள் உண்டு. 2018 ஜனவரியில் பத்தாவது உதவிப் பயிற்சியாளர் இடம் வந்தது. 2024 நடுவரை, அந்தப் பத்துப் பேரையும் ஜிஏக்களையும் தவிர மற்றவர்கள் வீரர்களுக்கு நேரடியாகக் கற்றுத்தரக் கூடாது. அந்தத் தடை நீங்கிய பிறகு அனலிஸ்ட்களும் களத்தில் சொல்லித்தரலாம். ஆனால் வெளியூர் போய் ஆள் பிடிக்கும் (வீரர்களைத் தங்கள் கல்லூரிக்கு இழுக்கும்) உரிமை ஹெட் கோச்சோடு சேர்த்து 11 பேருக்குத்தான். ஆள் பிடிக்கத் தெரிந்தவருக்கே அடுத்த வேலை சீக்கிரம் கிடைக்கிறது என்பதால், அனலிஸ்டாக நான்கைந்து ஆண்டு தங்கிவிடுவது முன்னேற்றத்துக்குத் தடைதான்.

வாரம் எப்படிப் போகும்

வீரர்களுக்கு என்சிஏஏ வரம்பு உண்டு: சீசனில் வாரம் 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. பயிற்சியாளருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஞாயிறு சொந்த அணியின் படத்துக்கு மதிப்பெண். மாலைக்குள் அடுத்த எதிரணி. செவ்வாய் முதல் இரண்டு டவுன்கள், புதன் மூன்றாவது டவுனும் ரெட் ஸோனும் (கோல் கோட்டுக்கு முந்தைய கடைசி 20 யார்டு), வியாழன் ஓடாமல் நடந்து பார்ப்பது, வெள்ளி பயணம். இடையில் கிடைக்கும் நேரமெல்லாம் ஹைஸ்கூல் பையன்களோடும் அவர்கள் அம்மா அப்பாவோடும் போன் பேச்சு. டிசம்பரில் ஹைஸ்கூல் வீரர்களின் கையெழுத்து நாள், ஜனவரியில் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்). 2018இல் போர்ட்டல் வந்ததிலிருந்து, கையிலிருக்கும் வீரரைத் தக்கவைப்பதும் உதவிப் பயிற்சியாளரின் வேலையாகிவிட்டது.

2024 முதல் மேல்மட்டப் பிரிவில் கோச் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ரேடியோவில் பேசலாம். பிளே கடிகாரம் (அடுத்த பிளேயைத் தொடங்கக் கிடைக்கும் நேரம்) 15 நொடிக்கு வந்ததும் இணைப்பு அறுந்துவிடும். 40 நொடிக் கடிகாரத்தில் பேசக் கிடைப்பது அதிகபட்சம் 25 நொடி. அரங்கின் மேல்தளத்துக் கண்ணாடி அறையில் இருப்பவர் எதிரணியின் ஆள் மாற்றத்தை ஐந்து நொடி தாமதமாகச் சொன்னால் கீழே இருப்பவருக்கு வாய் திறக்க நேரமிருக்காது.

ஒப்பந்தத்தில் எங்கே பார்க்க வேண்டும்

பணம் இருக்கும் இடத்தில் நிறையவே இருக்கிறது. 2018இல் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ) தன் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் டேவ் அரண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஆனால் அது அன்றைய சிகரம். சின்னக் கல்லூரிகளில் ஹைஸ்கூல் ஆசிரியரைவிடக் குறைவாக வாங்கும் முழுநேர உதவிப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

தொகையைவிடக் காலம் முக்கியம். ஹெட் கோச்சுக்கு ஐந்து ஆறு ஆண்டு. உதவியாளருக்குப் பெரும்பாலும் ஒன்று, கோஆர்டினேட்டருக்கு இரண்டு மூன்று. முடிவுத் தேதியைப் பாருங்கள். டிசம்பர் 31 என்றால் வேலை போன சில வாரத்திலேயே சம்பளம் நிற்கும். ஜனவரி, பிப்ரவரி கடைசி என்றால் அணிகள் ஆள் எடுக்கும் காலம் முடியும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

அடுத்து, பலர் கண்ணில் படாத ஒரு பத்தி: "ஹெட் கோச் எக்காரணத்தாலும் விலகினால் இவ்வொப்பந்தம் இத்தனை நாளில் முடியும்" என்ற வகை வாசகம். இது இருந்தால் முதல் பக்கத்தில் எழுதிய இரண்டு ஆண்டுக்கு மதிப்பில்லை. நீக்கச் சொல்லிக் கேட்கலாம். மறுத்தால் நாட்களையாவது கூட்டிக் கேட்க வேண்டும்.

பிறகு, சம்பளத்தைக் கழிக்கும் பிரிவு. நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட வேண்டும், அங்கே வாங்கும் சம்பளத்தைப் பழைய கல்லூரி தன் பாக்கியில் கழித்துக்கொள்ளும் என்பதே இதன் சாரம். மாதம் 20,000 டாலர் வாங்கியவருக்கு 14 மாதம் மீதி என்றால் பாக்கி 2,80,000. புதிய இடத்தில் மாதம் 12,000 கிடைத்தால் பழைய கல்லூரி மாதம் 8,000 கொடுத்தால் போதும். மொத்தம் அதே 20,000தான். இதனால்தான் பெரிய கோச்கள் சொற்பச் சம்பளத்துக்கு அனலிஸ்டாகப் போகிறார்கள். டென்னசி பல்கலைக்கழகத்தில் 2017 நவம்பரில் நீக்கப்பட்ட ஹெட் கோச் புட்ச் ஜோன்ஸ், அடுத்த ஆண்டு அலபாமாவில் 35,000 டாலருக்குச் சேர்ந்தார்; மீதியைக் கொடுத்தது டென்னசி. இதைத் தடுக்கச் சில கல்லூரிகள், சந்தை மதிப்புக்குக் குறைந்த சம்பளத்தில் சேர்ந்தால் சந்தை மதிப்பையே கழிப்போம் என்று எழுதுகின்றன. அந்த வாசகம் இருக்கும்போது குறைந்த சம்பளத்தில் சேர்ந்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் பொது ஆவணங்கள். அதே கல்லூரி இதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவருக்கு என்ன எழுதிக் கொடுத்தது என்று கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பேச்சுக்கு உட்காரலாம். தனியார் கல்லூரிகளில் இது நடக்காது.

சலுகைகளையும் விடக் கூடாது. பல மாநிலங்களில் ஓய்வூதிய உரிமை வர 5 அல்லது 10 ஆண்டு சேவை வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒரு மாநிலம் மாறுபவர் எதிலும் அந்த எல்லையைத் தொடமாட்டார். எடுத்துக்கொண்டு போகக்கூடிய தனிக்கணக்குத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கிறதா என்று சேரும் வாரத்திலேயே கேட்க வேண்டும், ஏனென்றால் பல இடங்களில் ஒருமுறை தேர்ந்தெடுத்ததை மாற்ற முடியாது. வேலை போனால் மருத்துவக் காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம்வரை தொடரலாம். ஆனால் முழுப் பிரீமியமும் நம் தலையில். குடும்பத்தோடு இருப்பவர் ஆறு மாதப் பிரீமியத்தையாவது தனியே வைத்திருக்க வேண்டும்.

வேலையை மட்டுமல்ல, தொழிலையே இழக்கும் வழி

விதிமீறலில் சிக்கியவருக்கு என்சிஏஏ ஷோ-காஸ் உத்தரவு போடும். அந்தக் காலத்தில் அவரை எடுக்கும் கல்லூரி, தன் மேல் ஏன் நடவடிக்கை கூடாது என்று விளக்கம் சொல்ல வேண்டும். அந்தத் தலைவலியைப் பெரும்பாலான கல்லூரிகள் விரும்பாது. டென்னசியில் ஆள் பிடிப்பதில் நடந்த முறைகேட்டுக்கு 2023இல் முன்னாள் ஹெட் கோச் ஜெரமி புரூயிட்டுக்கு ஆறு ஆண்டு உத்தரவு வந்தது. அவருக்குக் கீழே இருந்தவர்களும் தப்பவில்லை. மேலிருப்பவர் சொன்னார், செய்தேன் என்பது அங்கே எடுபடாது.

எந்தப் பிளே என்று தன் வீரர்களுக்குச் சொல்ல எதிரணி காட்டும் சைகைகளை மேட்ச் நடக்கும்போது மைதானத்திலிருந்து படித்தால் குற்றமில்லை. அதே எதிரணி வேறொருவரோடு ஆடும் மேட்ச்சுக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பது தடை. மிச்சிகனில் 2023இல் வெடித்த விவகாரம் இதைப் பற்றியது. சந்தேகம் வந்தால் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் (விதிகளைக் கண்காணிக்கும்) அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். விசாரணை தொடங்கியபின் போனில் எதையும் அழிக்காதீர்கள். அழித்ததே தனிக் குற்றமாகும்.

வெயில் இன்னொன்று. 2018 மே மாதம் மேரிலாந்தில் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலுக்கு ஆளான வீரர் ஜோர்டன் மெக்னேர் இரண்டு வாரம் கழித்து இறந்தார். குளிர்ந்த நீரில் உடனே அமிழ்த்தவில்லை என்பதே விசாரணையில் வந்த முக்கியக் குறை. தடுமாறும் வீரரை இன்னொரு சுற்று ஓடச் சொல்ல எந்தக் கோச்சுக்கும் உரிமையில்லை. அந்த இடத்தில் அத்லெட்டிக் டிரெய்னர் (வீரர்களின் காயம், உடல்நலத்தைக் கவனிப்பவர்) சொல்வதே முடிவு. ஐஸ் தொட்டி பயிற்சிக்கு முன்பே நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதில் உதவிப் பயிற்சியாளருக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இந்தியாவிலிருந்து படிக்கப் போயிருப்பவருக்கு

எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரமே வேலை செய்யலாம். சீசனில் ஜிஏ அந்த மணியைச் செவ்வாய், புதனிலேயே தாண்டிவிடுவார். எல்லோரும் இப்படித்தான் என்று யாரோ சொல்வதை நம்பி இறங்கினால் விசா போகும். ஜிஏ இடத்துக்குக் கையெழுத்திடும் முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்டில் முதுகலை எடுத்தால் படிப்புக்குப் பின் வழக்கமாக 12 மாத வேலை அனுமதிதான். புள்ளியியல், டேட்டா சயன்ஸ் போன்ற தகுதியுள்ள படிப்புக்கு மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். ஆனால் செய்யும் வேலை படிப்போடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும், வேலை தருபவர் இ-வெரிஃபையில் (வேலைத் தகுதியைச் சரிபார்க்கும் அமெரிக்க அரசின் இணைய அமைப்பு) பதிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகங்கள் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலுக்கு வெளியே இருப்பதும் உண்மைதான். என்றாலும் "பொசிஷன் கோச்" (ரிசீவர் போன்ற ஒரு நிலை வீரர்களுக்கு மட்டும் பயிற்சி தருபவர்) என்ற பதவிக்கு இன்ன பட்டம் கட்டாயம் வேண்டும் என்று நிறுவுவது எளிதல்ல. ஆட்டத் தரவுகளை அலசும் அனலிஸ்ட் வேலைக்கு அதைக் காட்டுவது சுலபம். படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை முடிவு செய்ய வேண்டும். சேர்ந்து ஒரு செமஸ்டர் போனபின் துறை மாற்றினால் உதவித்தொகை கூடவே வருமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.